சினைப்பைக் கட்டி: ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விகள்

வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், ரிப்போர்ட்டில் ‘ஓவேரியன் சிஸ்ட்’ என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்ததும் பலருக்குத் தூக்கம் போய்விடுகிறது. இன்னும் பலர், வலி உயிரை எடுத்தாலும் ‘மாசா மாசம் வர்றதுதானே’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். இந்த இரண்டுமே வேண்டாம். கட்டி என்ன வகை, எத்தனை சென்டிமீட்டர், உங்களுக்கு என்ன வயது, உங்களை அது என்ன பாடு படுத்துகிறது, இந்த நான்கையும் வைத்துத்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியும். இங்கே இருப்பது பொதுவான விளக்கம்தான். உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொன்னால், காரணத்தை அவரிடமே கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

சினைப்பையில் நீர்க்கட்டி ஏன் வருகிறது? நான் ஏதாவது தப்பாகச் சாப்பிட்டேனா?

இல்லை. மாதவிடாய் வருகிற ஒவ்வொரு பெண்ணின் சினைப்பையிலும் மாதம்தோறும் நீர் நிறைந்த ஒரு சின்னப் பை வளரத்தான் செய்கிறது. அதற்குள்தான் முட்டை இருக்கும். கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் வந்ததும் அது வெடித்து முட்டை வெளியே வரும். சில மாதங்களில் அது வெடிக்காமல் அப்படியே கொஞ்சம் பெருத்துவிடும், அல்லது வெடித்த இடம் மூடிக்கொண்டு உள்ளே நீரோ ரத்தமோ சேர்ந்துவிடும். நாம் பார்க்கிற கட்டிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான். சாப்பாட்டாலோ, தலைக்குக் குளித்ததாலோ, ஸ்கூட்டி ஓட்டியதாலோ வந்தது இல்லை. 3 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அதைக் கட்டி என்றே நாங்கள் எண்ணுவதில்லை, அந்த மாதத்து வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

காப்பர்-டி மாதிரியே கருப்பைக்குள் வைக்கப்படும் ஹார்மோன் சாதனம் வைத்திருப்பவர்களுக்கும், மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்த மாதிரிக் கட்டிகள் கொஞ்சம் அடிக்கடி வரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ரிப்போர்ட்டில் இருப்பது ஒன்றும் புரியவில்லை. எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ‘வலது சினைப்பையில் 4.2 x 3.8 சென்டிமீட்டர், தின் வால்டு, அனெகோயிக் சிஸ்ட், நோ செப்டேஷன், நோ சாலிட் காம்பொனன்ட், நோ ஃப்ரீ ஃப்ளூயிட்’ என்று இருக்கிறது. இதில் நல்ல சேதிதான் அதிகம். மெல்லிய சுவர். அனெகோயிக் என்றால் உள்ளே வெறும் தெளிந்த நீர், ஸ்கேன் திரையில் முழுக் கறுப்பாகத் தெரியும். செப்டேஷன் என்பது உள்ளே ஓடும் தடுப்புகள், அவை இல்லை. கெட்டியான சதைப் பகுதியும் இல்லை. வயிற்றுக்குள் நீர் சிந்தியும் கிடக்கவில்லை. மாதவிடாய் வருகிற வயதில் இருக்கும் பெண்ணுக்கு இப்படி ஒரு ரிப்போர்ட் வந்து, வலியும் பெரிதாக இல்லை என்றால், அநேகமாக எதுவுமே செய்ய வேண்டியிருக்காது.

உள்ளே வலைப்பின்னல் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ரத்தம் கசிந்த கட்டி. 6 முதல் 12 வாரங்களில் தானாகக் கரைந்துவிடும். தடித்த தடுப்புகள், உட்சுவரிலிருந்து துருத்தி நிற்கும் சதை, அந்தச் சதைக்குள் டாப்ளர் ஸ்கேனில் தெரியும் ரத்த ஓட்டம், வயிற்றில் நீர்: இவற்றில் ஏதாவது இருந்தால்தான் வேகமாகப் பெரிய மருத்துவரிடம் போக வேண்டும். ஆக, அளவு மட்டும் சொல்லிவிட்டு ‘சிஸ்ட்’ என்று முடித்துவிடும் ரிப்போர்ட் போதாது. இந்த விவரங்கள் இல்லை என்றால், திரும்பக் கேட்டு எழுதி வாங்குவது உங்கள் உரிமை.

எனக்குப் பிசிஓஎஸ் என்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. இரண்டையும் ‘நீர்க்கட்டி’ என்றே சொல்லிவிடுவதால் வருகிற குழப்பம் இது. இதனால் தேவையில்லாத ஆபரேஷன் வரைக்கும் போனவர்கள் உண்டு.

பிசிஓஎஸ்ஸில் ஸ்கேனில் தெரிகிற சின்னச் சின்ன வட்டங்கள் கட்டிகளே இல்லை. பாதி வளர்ந்து அப்படியே நின்றுபோன முட்டைப் பைகள். ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர்தான். அவற்றை வெட்டி எடுப்பதும் இல்லை, ‘கரைப்பதும்’ இல்லை. அது உடம்பு முழுவதையும் பற்றிய ஹார்மோன் பிரச்சினை. இன்சுலின் சரியாக வேலை செய்யாதது, ஆண் ஹார்மோன் கொஞ்சம் கூடுவது, அதனால் முகத்தில் ரோமம், பரு, தள்ளித் தள்ளிப் போகும் மாதவிடாய். 1935-இல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். 2003-இல் ராட்டர்டாமில் கூடிய நிபுணர்கள் ஒரு வரையறை செய்தார்கள்: ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் அறிகுறிகள், ஸ்கேனில் அந்தத் தோற்றம், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஸ்கேன் தோற்றத்தை மட்டும் வைத்துப் பிசிஓஎஸ் என்று முடிவு கட்டக் கூடாது. அதிலும் வயதுக்கு வந்து 8 வருடம் ஆகாத பெண்பிள்ளைகளுக்கு ஸ்கேனை வைத்தே இதைச் சொல்லக் கூடாது, ஏனென்றால் அந்த வயதில் நல்ல சினைப்பையும் அப்படித்தான் இருக்கும். 15 வயதுப் பிள்ளையிடம் ஒரு ஸ்கேனைக் காட்டி ‘உனக்குக் குழந்தை பிறப்பது கஷ்டம்’ என்று சொல்கிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி குழந்தை பெறும் வயதுப் பெண்களில் 6 முதல் 13 சதவீதம் பேருக்குப் பிசிஓஎஸ் இருக்கிறது. உடல் எடை கூடுதலாக இருப்பவர்கள் அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்காகிறது. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாயே வராமல் இருந்தால் ‘நல்லதாப் போச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். கருப்பையின் உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போவது பிற்காலத்தில் ஆபத்து. மாத்திரை கொடுத்தாவது அதை வரவைக்க வேண்டும்.

அப்படியானால் தானாகப் போகாத கட்டிகள் எவை?

முக்கியமாக மூன்று.

முதலாவது டெர்மாய்டு. 20 முதல் 40 வயதுக்குள் அதிகம். அறுத்துப் பார்த்தால் உள்ளே வெண்ணெய் மாதிரி கொழுப்பும், சுருண்டு கிடக்கும் முடியும், சில சமயம் ஒரு பல்லும் இருக்கும். எக்ஸ்ரேயிலேயே அந்தப் பல் தெரிந்துவிடுவதும் உண்டு. இதைக் கேட்டுவிட்டு, கல்யாணமாகாத பெண்ணின் வயிற்றில் குழந்தை ஏதும் உருவாகிக் கலைந்ததோ என்று வீட்டில் சந்தேகப்படுகிறார்கள். அழுத்தமாகச் சொல்கிறேன்: இதற்கும் ஆண் தொடர்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முட்டை அணுவுக்குத் தோல், முடி, பல் என்று எதுவாகவும் மாறும் சக்தி உண்டு, அது கருத்தரிக்காமலேயே அப்படி வளர்ந்துவிடுகிறது. வயதுக்கு வராத சிறுமிகளுக்குக்கூட வரும். 10 பேரில் ஒருவருக்கு இரண்டு பக்கமும் இருக்கலாம். புற்றாக மாறுவது மிக அரிது, 100-இல் 1 அல்லது 2. ஆனால் முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இதற்கு உண்டு. அதனால்தான் ஓரளவு பெரிதானதும் எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

இரண்டாவது சாக்லேட் சிஸ்ட். இதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். மூன்றாவது சிஸ்டடினோமா, சினைப்பையின் மேற்புறத் திசுவிலிருந்து வருவது. இதில் பிசின் மாதிரித் திரவம் சேரும் வகை ஒன்று வயிறு முழுவதையும் அடைத்துக்கொள்ளும் அளவுக்கு வளரும்.

எவ்வளவு நாள் காத்திருந்து பார்க்கலாம்?

மாதவிடாய் இருக்கும் பெண்ணுக்குச் சாதாரண நீர்க்கட்டி என்றால் 5 சென்டிமீட்டர் வரைக்கும் பொதுவாகத் திரும்ப ஸ்கேன்கூடத் தேவையில்லை. 5 முதல் 7 வரை என்றால் வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். 7-ஐத் தாண்டினால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பதா, ஆபரேஷனா என்று யோசிப்பார்கள். இது பிரிட்டனில் பின்பற்றப்படும் கணக்கு. நம் ஊரில் 2, 3 மாதவிடாய் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது வழக்கம், அதிலும் தவறில்லை. அப்படித் திரும்ப எடுக்கும்போது மாதவிடாய் முடிந்த கையோடு எடுங்கள். நடு மாதத்தில் எடுத்தால் அந்த மாதத்து முட்டைப் பையைப் புதுக் கட்டி என்று நினைத்துக் குழம்ப வேண்டி வரும்.

கர்ப்பத்தடை மாத்திரை கொடுத்தால் கட்டி சீக்கிரம் கரையும் என்று நீண்ட காலம் நம்பி வந்தார்கள். ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்ததில், ஏற்கெனவே இருக்கும் கட்டியை அது வேகமாகக் கரைப்பதில்லை என்று தெரிந்துவிட்டது. திரும்பத் திரும்பப் புதிதாக வராமல் தடுக்க உதவும், அவ்வளவுதான். பார்வையில் மின்னல் வெட்டுவது போல் வந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், முன்பு ரத்தக்கட்டு வந்தவர்கள், ரத்த அழுத்தம் அதிகமாக இருப்பவர்கள் அந்த மாத்திரையைத் தாங்களாகக் கடையில் வாங்கிப் போடக் கூடாது.

எந்த வலி வந்தால் உடனே ஓட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

சினைப்பை ஒரு காம்பில் தொங்குகிறது. ரத்தக் குழாய்களும் அந்தக் காம்பு வழியாகத்தான் வருகின்றன. கட்டி 5 சென்டிமீட்டரைத் தாண்டி கனமாகும்போது, குனிந்து நிமிர்வதிலோ திரும்பிப் படுப்பதிலோ, ஈரத் துணியைப் பிழிவது போல் அந்தக் காம்பு முறுக்கிக்கொள்ளலாம். அசுத்த ரத்தம் வெளியே போக வழியில்லாமல் சினைப்பை வீங்கும், பிறகு நல்ல ரத்தம் வருவதும் நின்றுவிடும். ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று ஆரம்பித்து நிமிர முடியாத வலி, கூடவே குமட்டல், வாந்தி. சில சமயம் முறுக்கு லேசாகத் தளர்ந்து வலி விட்டுவிட்டு மறுபடி வரும், அதைப் பார்த்துத்தான் ‘வாயுப் பிடிப்பு’ என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். வலது பக்கம் வந்தால் குடல்வால் வலியோடு குழப்பிக்கொள்வதும் நடக்கும். டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிந்தால்கூட முறுக்கு இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இதில் மணி நேரங்கள்தான் கணக்கு. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்று அழையுங்கள், காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வழியில் சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம். ஏற்கெனவே கட்டி இருப்பது தெரியும் என்றால் உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லி, பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். இன்னொன்று: ஆபரேஷனில் பார்க்கும்போது சினைப்பை நீலம் பாய்ந்து கறுத்துப்போய் இருந்தாலும், முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. அதனால் இளம் பெண்களுக்கு முடிந்தவரை அதை வெட்டாமல் காப்பாற்றவே இப்போது முயல்கிறார்கள். கையெழுத்து வாங்கும்போது ‘காப்பாற்ற முடியுமா டாக்டர்?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கட்டி வெடிப்பது வேறு. விளையாடும்போது, உடற்பயிற்சியின்போது, உடலுறவுக்குப் பிறகு, சுரீரென்று ஒரு வலி வந்து, ஓரிரு நாளில் வலி மாத்திரையிலேயே அடங்கிவிடும், பெரும்பாலும். ஆனால் தலை சுற்றல், வியர்த்துக் கொட்டுவது, தோள்பட்டையில் வலி, மயக்கம் இருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

மாதவிடாய் தள்ளிப்போய் அதோடு இப்படி ஒரு வலி வந்தால், முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. கருக்குழாயில் தங்கிய கர்ப்பமும் இதே மாதிரிதான் வரும், அது உயிரையே பறிக்கும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் அரிதாக அப்படி நடக்கலாம் என்பதால் ‘நமக்குத்தான் ஆபரேஷன் ஆகிடுச்சே’ என்று ஒதுக்க வேண்டாம்.

மகளுக்கு 17 வயது. உள்ளே விட்டு ஸ்கேன் எடுப்பார்களா? நாளைக்குக் கல்யாணத்துக்கு இடைஞ்சல் வருமா?

வயிற்றின் மேலேயே எடுக்கலாம். நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு போனால் படம் நன்றாகத் தெரியும். உடலுறவு அனுபவம் இல்லாத பெண்ணுக்கு உள்வழி ஸ்கேன் எடுப்பதில்லை. மற்றவர்களுக்கும் சம்மதம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், உடன் ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

கல்யாணத்தைப் பற்றி: ஒரு சாதாரணக் கட்டி வந்து போனதை யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை. அதைவிட, இந்தக் கவலையால் பிள்ளையை மருத்துவரிடமே காட்டாமல் விடுவதுதான் நான் அதிகம் பார்ப்பது. தாய்மார்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். மாதவிடாய் நாட்களில் பள்ளிக்கூடம் போக முடியாத அளவுக்கு வலி, வலி மாத்திரை போட்டும் சுருண்டு படுக்கிற வலி, இது சாதாரணம் இல்லை. ‘நானும் அப்படித்தான் இருந்தேன்’ என்று அம்மா சொல்கிறபோது, அம்மாவுக்கும் அன்றைக்கு வைத்தியம் தேவைப்பட்டிருக்கலாம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு சிறு தகவல்: இளம்பெண்களுக்குச் சினைப்பையில் கட்டி வந்தால் தைராய்டு பரிசோதனையும் சேர்த்துச் செய்துகொள்வது நல்லது. தைராய்டு ரொம்பக் குறைந்து போனாலும் சினைப்பை வீங்கும், அதற்கு மாத்திரையே போதும்.

சாக்லேட் சிஸ்ட் என்றால் என்ன? குழந்தை பிறக்குமா?

கருப்பையின் உட்சுவரில் இருக்க வேண்டிய திசு மாதிரியான ஒன்று சினைப்பையில் போய் வளர்ந்து, மாதாமாதம் அங்கேயும் ரத்தம் கசிந்து, வெளியே போக வழியில்லாமல் பழைய ரத்தம் கரும்பழுப்பாகக் கெட்டியாகிவிடும். அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இது எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயின் ஒரு பகுதி. உலகத்தில் குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாதவிடாய்க்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொடங்கும் வலி, உடலுறவில் ஆழத்தில் வலி, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது வலி. இந்த மூன்றாவதை யாரும் வெளியே சொல்வதே இல்லை, மருத்துவரும் கேட்காமல் விட்டால் வருஷக்கணக்கில் கண்டுபிடிக்காமலே போய்விடுகிறது.

குழந்தை பிறக்கும். சிலருக்குத் தாமதமாகலாம், சிலருக்கு உதவி தேவைப்படலாம். இங்கே ஆபரேஷன் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். கட்டியின் சுவரை உரித்தெடுக்கும்போது அதோடு ஒட்டிய நல்ல முட்டைகளும் கொஞ்சம் போய்விடும். அதனால் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள், ஆபரேஷனுக்கு முன்பே ஏஎம்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை செய்து முட்டை இருப்பு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, குழந்தையின்மை சிகிச்சை மருத்துவரிடமும் பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது. இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு டைனோஜெஸ்ட் போன்ற மாத்திரைகள் வலியைக் கட்டுப்படுத்தும், ஆபரேஷனுக்குப் பிறகு திரும்ப வருவதையும் குறைக்கும்.

கர்ப்பமாக இருக்கிறேன், ஸ்கேனில் கட்டி இருக்கிறதாம்.

முதல் மூன்று மாதத்தில் இது ரொம்ப சகஜம். முட்டை வெளிவந்த இடத்தில் உருவாகும் அந்தக் கட்டிதான், நஞ்சுக்கொடி வளர்ந்து பொறுப்பேற்கும் வரை, கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. நான்காவது மாதத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். பெரிதாக இருந்தாலோ சந்தேகமாக இருந்தாலோ நான்காவது, ஐந்தாவது மாதத்தில் பாதுகாப்பாக எடுக்க முடியும். மேலே சொன்ன முறுக்கு வலி மட்டும் கர்ப்பத்திலும் வரலாம், அதை மறந்துவிடாதீர்கள்.

சிஏ 125 அதிகமாக இருக்கிறது. கேன்சரா?

சிஏ 125 என்பது ரத்தத்தில் அளந்து பார்க்கும் ஒரு புரதம். அந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. 35-க்குக் கீழ் இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் மாதவிடாய் நாட்களில் ரத்தம் எடுத்தாலே அது ஏறும். கர்ப்பம், நார்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், இடுப்புப் பகுதியில் கிருமித் தொற்று, எல்லாவற்றிலும் ஏறும். நம் நாட்டில் இன்னொன்றும் சேர்த்து நினைக்க வேண்டும்: வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர், சினைப்பைப் பக்கம் கட்டி, எடை குறைவு, சிஏ 125 நூற்றுக்கணக்கில். பார்த்தால் அப்படியே சினைப்பைப் புற்றுநோய் மாதிரியே இருக்கும். திசுப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்து, மாத்திரையிலேயே குணமானவர்கள் இருக்கிறார்கள். மறுபக்கம், ஆரம்பக் கட்டப் புற்றுநோயில் இந்த எண் சாதாரணமாகவே இருந்துவிடுவதும் உண்டு. இளம் வயதில் கெட்டியான கட்டி என்றால் ஏஎஃப்பி, எல்டிஹெச், ஹெச்சிஜி என்று வேறு பரிசோதனைகளையும் கேட்பார்கள்.

‘எதற்கும் ஒரு தடவை செஞ்சு பார்த்துடலாமே’ என்று மாஸ்டர் செக்கப்பில் இதைச் சேர்க்கிறார்கள். பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2 லட்சம் பெண்களை வைத்து வருஷக்கணக்கில் நடத்திய ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்ததால் சாவு எண்ணிக்கை குறையவில்லை. வீட்டில் இரண்டு, மூன்று பேருக்கு மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருந்தால் கதை வேறு. அவர்கள் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்கலாம்.

எனக்கு 58 வயது. மாதவிடாய் நின்று பல வருஷம். இப்போது கட்டியா?

உங்கள் வயதில் நாங்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்போம், ஏனென்றால் மாதமாதம் வருகிற அந்த முட்டைப் பை இனி இல்லை. பயந்துவிடாதீர்கள். ஒரே பக்கம், ஒரே அறை, தெளிந்த நீர், 5 சென்டிமீட்டருக்குக் கீழே, சிஏ 125-ம் சரி என்றால், புற்றாக இருக்கும் வாய்ப்பு 100-இல் ஒன்றுக்கும் குறைவு. 4 முதல் 6 மாதத்தில் திரும்பப் பார்த்து, ஒரு வருஷம் மாறாமல் இருந்தால் விட்டுவிடலாம்.

ஆனால் வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர், அடிவயிற்றில் அமுக்கம், இவை புதிதாக ஆரம்பித்து வாரக்கணக்கில் தினமும் போல இருந்தால், அஜீரண மாத்திரையோடு நிறுத்திவிடக் கூடாது, ஸ்கேன் எடுத்தாக வேண்டும். நம் வீடுகளில் 60 வயது அம்மாவின் வயிற்று உப்புசத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த அம்மாவும் சொல்வதில்லை. புற்று என்ற சந்தேகம் பலமாக இருந்தால், புற்றுநோய் அறுவை சிகிச்சையில் பயிற்சி பெற்றவரிடம் முதல் ஆபரேஷனே நடப்பது மிக முக்கியம்.

கழற்சிக்காய், மலைவேம்புச் சாறு எல்லாம் சாப்பிட்டால் கரையுமா?

‘எனக்குக் கரைந்தது’ என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. சாதாரண நீர்க்கட்டி 2, 3 மாதத்தில் தானாகப் போகக்கூடியது, அந்த 2, 3 மாதம் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோமோ அதற்குப் பெயர் போய்ச் சேர்கிறது. டெர்மாய்டுக்குள் இருக்கிற பல்லையும் முடியையும் எந்தச் சூரணமும் கரைக்காது. சாக்லேட் சிஸ்டையும் அப்படித்தான். கட்டி என்ன வகை என்று தெரியாமல் ஒரு வருஷம் மூலிகையில் ஓட்டிவிட்டு, வலி தாங்காமல் வருகிறவர்களைத்தான் காப்பாற்றுவது கஷ்டமாகிறது. சித்த மருத்துவம் எடுப்பதாக இருந்தால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள், ஸ்கேனை விட்டுவிடாதீர்கள், எடுப்பதை இரண்டு பக்கமும் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் இவை எதுவும் வேண்டாம். உளுந்தங்களியும் வெந்தயக்களியும் தாராளமாகச் சாப்பிடலாம், சாப்பாடாக. வெந்நீர்ப் பை வலிக்கு நன்றாகவே கேட்கும்.

இவ்வளவு பெரிய கட்டி வளரும் வரைக்கும் தெரியாமலா இருக்கும்?

இருக்கும். வயிற்றுக்குள் இடம் நிறைய, மெதுவாக வளர்வதை உடம்பு பழகிக்கொள்கிறது. ‘தொப்பை போட்டுடுச்சு’ என்று நினைத்து உணவைக் குறைத்துக்கொண்டே இருந்து, கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்து வருவார்கள்.

இந்த ஆபரேஷனின் வரலாறே அப்படி ஒரு பெண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண், வயிறு பெருத்திருந்ததைக் கர்ப்பம் என்று நினைத்திருந்தார். சினைப்பைக் கட்டி என்று கண்டுபிடித்தவர் இஃப்ரேம் மெக்டவல் என்ற மருத்துவர். வயிற்றைத் திறந்தால் ஆள் பிழைக்க மாட்டார் என்று மருத்துவ உலகமே நம்பிய காலம், மயக்க மருந்தும் வராத காலம். குதிரையில் 60 மைல் பயணம் செய்து டான்வில் ஊரில் அவர் வீட்டுக்குப் போய், 1809 டிசம்பரில் அந்த ஆபரேஷனுக்கு உடன்பட்டார் அந்தப் பெண். எடுத்த கட்டி 10 கிலோ. அதற்குப் பிறகு 30 வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். மெக்டவலின் பெயர் எல்லா மருத்துவப் புத்தகத்திலும் இருக்கிறது, அந்த அம்மாவின் துணிச்சலுக்கும் அதே இடம் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். என்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி: கட்டியை மட்டும் எடுக்கப் போகிறீர்களா, சினைப்பையையே எடுக்கப் போகிறீர்களா? இளம் வயதில், புற்று சந்தேகம் இல்லாதபோது, கட்டியை மட்டும் எடுப்பதுதான் முறை. ஒரு சினைப்பையை எடுக்க வேண்டியே வந்தாலும் மற்றது நன்றாக இருந்தால் மாதவிடாயும் வரும், குழந்தையும் பிறக்கும்.

இரண்டாவது: லேப்ராஸ்கோபியில் செய்ய முடியுமா? மூன்று, நான்கு சிறு துளைகள்தான், பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். ஊசி போட்டு நீரை மட்டும் உறிஞ்சிவிடுவது கேட்க எளிதாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் திரும்ப நிறைந்துவிடும்.

மூன்றாவது, 40-ஐ நெருங்கியவர்களுக்கு மிகவும் முக்கியமானது. ‘அதோட கர்ப்பப்பையையும் எடுத்துடலாம், பிள்ளைதான் பெத்தாச்சே’ என்று யாராவது சொன்னால், எதற்கு என்று கேளுங்கள். சாதாரண சினைப்பைக் கட்டிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் மறுநாளிலிருந்தே உடம்பு மாதவிடாய் நின்ற நிலைக்குப் போய்விடும்: உடல் சூடு, தூக்கமின்மை, எலும்புத் தேய்மானம், இதய நோய் ஆபத்து. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுக்கும் பழக்கம் இந்தியாவில் எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்றால், பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்ததைப் பற்றிய வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, மாநிலங்கள் வழிகாட்டு நெறிமுறைகளை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அவசர ஆபரேஷன் இல்லை என்றால் இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்க ஒரு வாரம் எடுத்துக்கொள்வதால் எதுவும் கெட்டுப்போகாது.

செலவு பற்றி: தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கு லேப்ராஸ்கோபி வசதி உண்டு. தனியாரில் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள், சேர்வதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் உங்கள் ஆபரேஷன் திட்டத்தில் வருமா என்று கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் சிக்கல்.

ஆபரேஷன் முடிந்தது. இனி ஒன்றும் இல்லையே?

ஒன்று இருக்கிறது, பலரும் விட்டுவிடுவது. எடுத்த கட்டியைப் பயாப்ஸிக்கு அனுப்பியிருப்பார்கள். ரிப்போர்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் தையல் பிரித்து வீட்டுக்கு வந்து, பிள்ளைகளின் பரீட்சை, ஊர்த் திருவிழா என்று அதை வாங்கப் போகாமலே இருந்துவிடுகிறார்கள். நல்ல கட்டி என்று நினைத்து எடுத்தது அரிதாக வேறாக இருந்துவிடுவது உண்டு, அது அந்தத் தாளில்தான் தெரியும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே என்றைக்கு, எந்த அறையில் வாங்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் காட்டியபின் ஒரு நகலை டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு சேர்த்து வையுங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஸ்கேன் எடுக்கப் போகும்போது அதையும் கையோடு கொண்டு போக வேண்டும்.